இரு குப்பிகள்

நாஞ்சில் நாட்டு உழவர் இல்லங்களில் நெல்லை இரு வகையாகப் பிரித்து வைக்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்து வந்தது. பத்தாயத்திற் கொட்டிய நெல் உண்பதற்குரியது. வைக்கோற்பிரி சுற்றிக் கோட்டையாகக் கட்டிய நெல் விதைப்பதற்குரியது. இரண்டும் ஒரே வயலில் விளைந்தவை. ஒரே நாளில் அறுத்துக் களஞ்சேர்த்தவை. காண்பார் கண்ணுக்கு அவற்றிடையே யாதொரு வேற்றுமையும் தோன்றாது. எனினும், வீட்டில் அடுப்பெரியாத நாளிலும் விதைக்கோட்டையை அவிழ்க்க நம் முன்னோர் மனந்துணியவில்லை. பொருள் ஒன்றேயாயினும் அதற்குரிய பயன் வேறாயின், அதனைக் காக்கும் முறையும் வேறாதல் வேண்டுமென்பது அவர் கண்ட உண்மை. இவ்வுண்மை நெல்லுக்கு மட்டுமன்றி, இக்காலத்து விஞ்ஞானம் அளித்துள்ள அரிய பொருளொன்றுக்கும் பொருந்துவதை என் தொழிலாலும், நெய்யூரில் நேர்ந்த ஒரு நிகழ்ச்சியாலும் அறிந்துகொண்டேன். அதனை நமது சஞ்சிகையைப் படிக்கும் மாணாக்கர்க்கும், ஆசிரியப் பெருமக்கட்கும், பழைய மாணவ அன்பர்கட்கும் எடுத்துரைத்தல் பயனுடைத்தென்று கருதி இச்சிறு கட்டுரையை வரையலானேன்.

யான் நெய்யூரிற் பிறந்து, நம் கலாசாலையில் இரசாயனம் பயின்று, பின்னர்ப் பெங்களூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் அமர்ந்து, பல்லாண்டுகளாகப் புரதங்களைப் பற்றிய வேலையைச் செய்து வருகின்றேன். எங்கள் கூடத்தின் மூலையில், பூஜ்யத்திற்குக் கீழ் 20 பாகை குளிருடைய பெட்டியொன்று உண்டு. அதனுள்ளே சுண்டுவிரலளவான கண்ணாடிக் குப்பிகள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். அவற்றுள் ஒன்றில் 100 மில்லிகிராம் வெண்ணிறத் தூள் இருக்கின்றது. ஒரு சிட்டிகை உப்பினும் குறைந்த எடை. குப்பியின்மேல் ஒட்டிய சீட்டில் ஆங்கிலத்தில் இரண்டு வரிகள் அச்சிடப்பட்டுள்ளன. முதல் வரி, மறுசேர்க்கை மானிட இன்சுலின் என்று அதன் பெயரைக் கூறும். இரண்டாவது வரி, ஆராய்ச்சிக்கு மட்டுமே உரியது, மனிதர்க்கு மருந்தாக வழங்கலாகாது என்று எச்சரிக்கும். முதல் வரியில் மானிடன் இருக்கின்றான். இரண்டாவது வரி அவனையே விலக்கி நிறுத்துகின்றது! முதன்முதலாக இச்சீட்டைப் படிப்பவர் எவரும் சிறிது திகைப்பர். மானிடப் புரதம் என்பது யாது? மறுசேர்க்கை என்பது யாது? மனிதனுக்கே உரிய பொருளை மனிதனுக்குக் கொடுக்கலாகாது என்பது ஏன்? இம்மூன்று வினாக்களையும் முறையே ஆராய்வோம்.

நம் உடலின் வேலைகளிற் பெரும்பாலானவற்றைச் செய்து முடிப்பவை புரதங்களே. இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமந்து செல்லும் ஹீமோகுளோபின் ஒரு புரதம். தோலையும் எலும்பையும் பிணித்து நிற்கும் கொலாஜன் ஒரு புரதம். அது மூன்று புரிகள் முறுக்கிய கயிறு போன்றதென்பதைச் சென்னைச் சர்வகலாசாலையில் ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954-ல் கண்டு உலகுக்கு அறிவித்தனர். உண்ட உணவினின்று இரத்தத்திற் கலக்கும் சர்க்கரையைத் தசை முதலியவற்றினுள் ஏற்குமாறு கட்டளையிடும் இன்சுலினும் ஒரு புரதமே. வயிற்றின் பின்புறத்துள்ள கணையம் என்னும் உறுப்பு அதனைச் சுரக்கின்றது. புரதம் ஒவ்வொன்றும் அமினோ அமிலங்கள் எனப்படும் 20 வகை மணிகளைக் கோத்த மாலையாகும். இன்சுலினில் 21 மணிகளுள்ள சரம் ஒன்றும், 30 மணிகளுள்ள சரம் ஒன்றும், ஆக 51 மணிகள் உண்டு. இரு சரங்களையும் கந்தகப் பிணைப்புகள் சேர்த்துக் கட்டியுள்ளன. இம்மணிகள் நிற்கும் வரிசை முழுவதையும் கேம்பிரிட்ஜில் பிரெடரிக் சாங்கர் என்பவர் 1955-ல் கண்டு முடித்து, அதன் பொருட்டு 1958-ல் நோபெல் பரிசு பெற்றார். மனிதனது இன்சுலினுக்கும் பன்றியின் இன்சுலினுக்கும் ஒரே ஒரு மணியில் வேற்றுமை. மாட்டின் இன்சுலினுக்கு மூன்று மணிகளில் வேற்றுமை. ஆகவே, மானிடப் புரதம் என்ற சொல் அது எவ்வுடலில் உண்டாயிற்று என்பதைக் குறிப்பதன்று. மணிகளின் வரிசை மனிதனுடையது என்பதையே குறிக்கின்றது.

இன்சுலின் சுரக்காத சிறுவர் சிறுமியர்க்கு 1922-ஆம் ஆண்டிற்கு முன் பிழைக்கும் வழி இருந்ததில்லை. உணவை மிகக் குறைத்து, எலும்புந் தோலுமாகச் சில திங்கள் உயிரை நீட்டிப்பதொன்றே வைத்தியர் செய்யக்கூடியதாக இருந்தது. கானடா தேசத்து டொராண்டோ நகரில் பாண்டிங், பெஸ்ட் என்னும் இருவர், மக்லியோடு என்னும் பேராசிரியரின் கூடத்தில் 1921-ல் கணையத்தினின்று ஒரு சாற்றை வடித்தெடுத்தனர். அந்நகரப் பொது மருத்துவமனையில் லெனார்டு தாம்ஸன் என்னும் 14 வயதுச் சிறுவன் மரணத்தறுவாயிற் கிடந்தான். 1922 ஜனவரி 11-ஆம் நாள் அச்சாறு அவனுக்கு ஊசிவழியே செலுத்தப்பட்டது. சர்க்கரை சிறிது குறைந்தது, ஆயின் சாற்றில் கலந்திருந்த அழுக்குகளால் ஊசி குத்திய இடத்தில் கட்டி எழும்பிற்று, நோயும் தணியவில்லை. சிகிச்சையை நிறுத்தினர். அப்போது காலிப் என்னும் இரசாயன அறிஞர் இரவு பகலாக முயன்று அச்சாற்றைத் தூய்மைப்படுத்தினார். ஜனவரி 23-ஆம் நாள் தூய மருந்தைச் செலுத்தத் தொடங்கியபின் சிறுவன் தேறினான்; மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான். முதற்குப்பியிலும் இன்சுலின் இருந்தது. இரண்டாவது குப்பியிலும் இன்சுலின் இருந்தது. இரண்டிற்கும் இடையே 12 நாட்களும் ஒருவருடைய தூய்மை பேணும் உழைப்பும் நின்றன. இந்நிகழ்ச்சியை அன்பர்கள் நினைவிற் கொள்ள வேண்டுகின்றேன்; பின்னர் இது நமக்கு வேண்டியிருக்கும்.

அதன்பின் ஏறத்தாழ 60 ஆண்டுகள் உலகத்தின் நீரிழிவு நோயாளரைக் காத்தவை பன்றிகளும் மாடுகளுமே. இறைச்சிச் சாலைகளினின்று கணையங்களைத் திரட்டிக் குளிரூட்டிக் கொணர்ந்து மருந்தை வடித்தனர். 8 அவுன்சு தூய இன்சுலினைப் பெற 2 டன்னுக்கு மேற்பட்ட பன்றியுறுப்புகள் தேவைப்பட்டனவாம். நோயாளர் தொகை பெருகப் பெருக, இவ்வழி எத்துணைக் காலம் செல்லுமென்ற அச்சம் எழுந்தது. சிலருடைய உடலோ விலங்கின் புரதத்தை அயலானென்று கண்டு வெறுக்கவும் செய்தது.

இங்கேதான் மறுசேர்க்கை என்னும் முறை துணைக்கு வந்தது. ஒரு புரதத்தின் மணிவரிசை மரபணு என்னும் ஏட்டில் எழுதப்பட்டிருக்கின்றது. அவ்வெழுத்துக்களைப் படித்து மாலை கோக்கும் பொறி மனிதனுக்கும் ஒன்றே, நம் குடலில் வாழும் ஈ. கோலை என்னும் நுண்ணுயிருக்கும் ஒன்றே எனத் தகும்படி பாஷை ஒத்திருக்கின்றது. நாகர்கோவிலில் முற்காலத்து நடைபெற்ற மிஷன் அச்சுக்கூடத்தை எண்ணிப் பாருங்கள். ஈய எழுத்துக்களைக் கோத்துச் சட்டத்தில் முடுக்கிவிட்டால், கோத்தது வேதபாடமோ பஞ்சாங்கமோ என்று யந்திரம் வினவுவதில்லை. சட்டத்தில் உள்ளதை அச்சடித்துக் கொடுக்கும். அதுபோல, நுண்ணுயிருக்குள் இருக்கும் வளையம் போன்ற சிறிய டி.என்.ஏ.யை அறுத்து, அவ்விடத்திற் பிறிதோர் உயிரின் மரபணுவைப் பொருத்தி மீண்டும் ஒட்டிவிட்டால், நுண்ணுயிர் அதனைத் தன்னுடையதாகவே கருதிப் படிக்கும். இவ்வாறு அறுத்து ஒட்டுவதே மறுசேர்க்கை. 1973-ல் கோஹென், பாயர் என்போர் இவ்வித்தையை நிலைநாட்டினர். 1977-ல் 14 மணிகளேயுள்ள சொமட்டோஸ்டாட்டின் என்னும் சுரப்புப் பொருளையும், 1978-ல் இன்சுலினையும் கலிபோர்னியாவில் இடாகுரா, ரிக்ஸ் முதலியோரும் ஜெனென்டெக் நிறுவனத்தாரும் நுண்ணுயிரைக்கொண்டு செய்து முடித்தனர். 1982 அக்டோபரில் அமெரிக்க அரசாங்கம் அதனை மருந்தாக அங்கீகரித்தது. மறுசேர்க்கை முறையில் உண்டாகி மருந்துக்கடைக்கு வந்த முதற் புரதம் அதுவே.

மற்றொரு வியப்பும் உண்டு. 1978-ல் கையாண்ட இன்சுலின் மரபணு எந்த மனிதனுடைய உடலினின்றும் எடுக்கப்பட்டதன்று; இரசாயனச் சாலையில் எழுத்தெழுத்தாகக் கோக்கப்பட்டது. மரபணுவை அவ்வாறு செயற்கையாகக் கோக்கலாம் என்பதை 1970-ல் முதன்முதற் செய்து காட்டியவர், பஞ்சாபில் ராய்ப்பூர் என்னும் சிற்றூரில், மரத்தடிப் பள்ளியில் எழுத்தறிந்த ஹர் கோவிந்த கொரானா ஆவர். ஆகவே, என் குளிர்பெட்டியிலுள்ள மானிடப் புரதம் மானிட உடலை ஒருபோதும் தீண்டியறியாதது. சுமார் 20 நிமிடத்திற்கு ஒருமுறை இரட்டிக்கும் நுண்ணுயிர்களோ, கள்ளையும் அப்பத்தையும் புளிக்கவைக்கும் ஈஸ்ட் இனத்தைச் சார்ந்தவையோ அதனை உண்டாக்கின. மனிதனிடமிருந்து வந்தது அதன் வரிசை ஒன்றே.

இனி, இத்தூளுக்கு ஆராய்ச்சிக்கூடத்தில் என்ன வேலை என்று மாணாக்கர் வினவலாம். உடலினின்று பிரித்தெடுத்த உயிரணுக்களைக் கண்ணாடித் தட்டுகளில் வளர்த்து, அவற்றின் இயல்பை ஆராய்வது எங்கள் தொழிலின் ஒரு பகுதி. சர்க்கரையும் உப்பும் வைட்டமின்களும் கலந்த நீரை அவற்றுக்கு உணவாகக் கொடுக்கின்றோம். அவ்வணுக்கள் அவ்வுணவை ஏற்று வளர்வதற்கு இன்சுலினின் கட்டளை பெரும்பாலும் வேண்டியிருக்கின்றது. ஆகவே, தூளை மெல்லிய அமிலநீரிற் கரைத்து, நுண்துளை வடிகட்டியிற் செலுத்தி, ஒரு மில்லிலிட்டர் நீருக்கு 5 முதல் 10 மைக்ரோகிராம் வரை சேர்க்கின்றோம். எங்கள் பெட்டியில் இன்சுலினைப் போன்று வேறு பல மானிடப் புரதங்களும் உள. காயம் ஆறத் தூண்டுவன, இரத்த அணுக்களைப் பெருக்குவன, வீக்கத்தை எழுப்புவன எனப் பலதிறப்பட்ட அவற்றுட் சில பொன்னினும் பன்மடங்கு விலையுயர்ந்தவை. ஒரு நோய்க்கு மருந்து காண்பதற்கு முன், அந்நோயில் எப்புரதம் எதனோடு பற்றுகின்றது, எதனைத் தடுக்கின்றது என்பதைக் கண்டறிதல் வேண்டும். அக்கேள்விகளை உயிருள்ள நோயாளியிடம் கேட்பது அறமாகாது. தட்டிலுள்ள அணுவினிடம் கேட்கலாம். இக்குப்பிகள் அவ்வாறு வினவுதற்குரிய கருவிகள், மருந்துகள் அல்ல.

இதனை நான் பல முறை பிறர்க்கு விளக்கியிருக்கின்றேன். ஆயினும் அவ்விளக்கத்தின் கனத்தை முழுவதும் உணர்ந்தது நெய்யூரிலேதான். எங்கள் தெருவில், என்னினும் பத்து வயது மூத்த ஓர் அண்ணன் குடியிருக்கின்றார். இரப்பர்த் தோட்டத்தில் வைகறைப்பொழுதிற் பால்வெட்டுவது அவர் தொழில். அவருடைய மகன் 11 வயதினன். ஓயாத தாகமும், அடிக்கடி நீர் கழிதலும், இளைப்புமாகச் சில வாரங்கள் வாடிக் கிடந்தபின், அவனுக்கு இன்சுலின் சுரக்கவில்லையென்று வைத்தியர் கண்டனர். அன்றுமுதல் நாள்தோறும் ஊசியே அவனுக்கு உயிர். நாளொன்றுக்கு 24 யூனிட் மருந்து வேண்டியிருந்தது. நம் நாட்டிற் பெருவழக்கான 10 மில்லிலிட்டர் குப்பியில், மில்லிலிட்டருக்கு 40 வீதம் 400 யூனிட் இருக்கும்; அது 16 நாட்களுக்கு வரும். அண்ணன் அதனைக் கடையில் விலைக்கு வாங்கி வந்தார். நம் மாவட்டத்திலோ தென்மேற்கும் வடகிழக்குமாக இரு பருவமழை. மழை இடைவிடாது பெய்யும் நாட்களில் பால்வெட்டு இல்லை. வெட்டு இல்லாத நாளில் கூலியும் இல்லை. அந்நாட்களில் வீட்டில் அரிசியை அளந்து குறைப்பதுபோலவே பிள்ளையின் மருந்தையும் அளந்து குறைக்கத் தொடங்கியிருந்தனர். விடுமுறையில் ஊருக்குச் சென்றபோது இச்செய்தி எனக்குத் தெரியவந்தது.

என் தொழிலைப்பற்றி முன்பொருகால் அவரிடம் நான் சொல்லியிருந்ததை அவர் மறக்கவில்லை. ஒருநாள் மாலை திண்ணையில் அமர்ந்து, மிகுந்த தயக்கத்தோடு கேட்டார்: “தம்பி, ஒனக்க ஆபீசுல இதே மருந்து தூளாட்டு இருக்குண்ணு சொன்னியே. எனக்க பயலுக்கு ஒரு குப்பி கொண்டு தந்தா என்ன? சும்மா வேண்டாம், மழை முடிஞ்சதும் காசு தாறேன்.”

நான் உடனே விடை கூறவில்லை. என் மனம் கணக்கிடலாயிற்று. இன்சுலினில் ஒரு யூனிட் என்பது 0.0347 மில்லிகிராம். எங்கள் கூடத்துக் குப்பியிலுள்ள 100 மில்லிகிராமில் ஏறத்தாழ 2,880 யூனிட் அடங்கும். நாளொன்றுக்கு 24 வீதம் 120 நாட்கள்! மருந்துக்கடைக் குப்பிகள் ஏழுக்கும் மேற்பட்ட அளவு, சுண்டுவிரலளவான ஒரு குப்பியில் உறங்கிக் கிடக்கின்றது. மணிவரிசை ஒன்றே, 51 மணிகளும் ஒன்றே. பிள்ளையோ நான் தூக்கி வளர்த்த பிள்ளை. அன்று மறுப்பது எளிதாயிருக்கவில்லை.

ஆயினும் மறுத்தேன். ஏனெனில், தூளை உண்டாக்கிய ஈ. கோலை நுண்ணுயிரின் புறத்தோலில் ஒருவகைக் கொழுப்புச் சர்க்கரைப் பொருள் உண்டு. உள்நஞ்சு என்று அதனைக் கூறலாம். உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு நானோகிராம், அஃதாவது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு, இரத்தத்திற் கலந்தாலும் காய்ச்சல் எழக்கூடும். மிகுந்தால் உயிருக்கும் இறுதி நேரும். நீரைக் கொதிக்கவைத்தாலும் அந்நஞ்சு அழியாது; கண்ணாடிப் பாத்திரங்களினின்று அதனைப் போக்க 250 பாகை உலர்வெப்பத்தில் 30 நிமிடம் வைத்தல் வேண்டும். அவ்வெப்பத்தில் இன்சுலின் கருகி அழியும். வடிகட்டி நுண்ணுயிரைத் தடுக்குமேயன்றி இந்நஞ்சைத் தடுக்காது. மருந்துச்சாலைகளில் ஒவ்வொரு தொகுதியையும் இதன் பொருட்டுச் சோதிக்கின்றனர். குதிரைலாட நண்டு என்னும் கடற்பிராணியின் நீலநிற இரத்தம் இந்நஞ்சு சிறிது பட்டாலும் உறைந்துவிடும். அதனையே பல்லாண்டுகளாகச் சோதனைப் பொருளாகக் கொண்டுள்ளனர். அன்றியும், மருந்துக்குப்பியில் இன்சுலினோடு துத்தநாகமும், கிளிசரினும், கிருமி புகாது காக்கும் மெட்டாக்ரெசாலும் அளவறிந்து சேர்க்கப்பட்டுள்ளன. ஒரு துளியில் எத்தனை யூனிட் என்பது உறுதி செய்யப்பட்டுள்ளது. என் கையாற் கரைத்த நீரில் அளவு சிறிது பிறழ்ந்தால் சர்க்கரை அளவுமீறித் தாழ்ந்து, உறக்கத்திலேயே பிள்ளை உணர்விழந்துவிடக் கூடும்.

எங்கள் தூளில் நஞ்சு இருந்தேயாக வேண்டும் என்று நான் கூறவில்லை. பெரும்பாலும் அது தூயதாகவே இருக்கலாம். ஆனால், அது மனித உடலுக்கேற்ற தூய்மையுடையதென்று எவரும் கையொப்பமிட்டு உறுதி கூறவில்லை. இரு குப்பிகளுக்கும் உள்ள வேற்றுமை இதுவே. மருந்துக்குப்பியின் தொகுதி எண்ணைக்கொண்டு, அது எந்நாளில், எவ்விடத்தில், எவர் மேற்பார்வையில் ஆயிற்றென்று தேடிக் காணலாம். தீங்கு நேரின் விடைகூறக் கடமைப்பட்டவர் ஒருவர் உண்டு. ஆராய்ச்சிக் குப்பிக்கு அவ்வாறு பிணை நிற்பார் இல்லை. இதனை அண்ணனுக்கு எப்படி உணர்த்துவதென்று எண்ணி, “அண்ணே, கடையில வாங்குத குப்பிக்கு ஒருத்தன் ஜாமீன் நிக்கான், எனக்க குப்பிக்கு ஆரும் ஜாமீன் இல்ல” என்றேன்.

அவர் சற்று நேரம் மழையையே நோக்கியிருந்தார். பின்பு, “ஜாமீன் நிக்கவனுக்கு எனக்க வீட்டுக்க கஷ்டம் தெரியுமா தம்பி?” என்றார். அவ்வினாவில் கோபம் இல்லை. அதனாலேயே அது என் நெஞ்சில் ஆழப் பதிந்தது.

அவர் கேட்டதும் நியாயம். நான் மறுத்ததும் நியாயம். இவ்விரண்டையும் ஒருங்கே ஏற்றுக்கொள்வதே இப்பொருளைப்பற்றி நாம் கற்கவேண்டிய பாடமென்று கருதுகின்றேன். ஆராய்ச்சிக்கும் சிகிச்சைக்கும் இடையே எழுப்பிய மதில் வெறும் சட்டத்தார் சடங்கன்று. 1937-ல் அமெரிக்காவில் சல்பனிலமைடு என்னும் நல்ல மருந்தை, டைஎதிலீன் கிளைக்கால் என்னும் நச்சுத் திரவத்திற் கரைத்து, சோதியாமலே விற்றனர்; குழந்தைகள் பலர் உட்பட நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மருந்து மருந்தே; அதனைச் சூழ்ந்தது நஞ்சு. அதன்பின் 1938-ல் அங்கே கடுமையான சட்டம் பிறந்தது. நம் நாட்டிலும் 1940-ல் மருந்துச் சட்டம் இயற்றப்பட்டது. சிறுவன் லெனார்டின் கட்டியையும், அந்நூறு உயிர்களையும் நினைப்பவர் மதிலைப் பழிக்கமாட்டார். ஆனால் மதிலுக்கு வாயிலும் வேண்டுமன்றோ? வாயிலைக் காணாத ஏழை சுவரேற முயல்வதற்கு அவனை மட்டும் குறைகூறுதல் தகாது.

வாயில் எங்கே இருக்கின்றதென்று காட்டுவது என் கடமையாயிற்று. மறுநாளே அவரையும் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு தக்கலை அரசாங்க மருத்துவமனைக்குச் சென்றேன். தமிழ்நாட்டு அரசாங்க மருத்துவமனைகளில் இன்சுலின் இலவசமாக வழங்கப்படுவதை அவர் அதுகாறும் அறியார். இவ்வகை நோய் முதியோர்க்கே உரியதென்றும், குழந்தைகளுக்கு அங்கே மருந்து இராதென்றும் எவரோ சொல்லக் கேட்டு நம்பியிருந்தார். பெயரைப் பதிந்து, சீட்டுப் பெற்று, மருந்தைக் கையில் வாங்கியபோது அதன் சீட்டை அவரே எனக்குக் காட்டினார். அதிலும் மானிட இன்சுலின் என்றே இருந்தது. வீட்டில் குளிர்பெட்டி இல்லாமையால், பெரிய மண்பானையினுள் சிறிய மண்பானையை வைத்து இடையே ஈரமணலை நிரப்பி, அதனுள் மருந்தைப் பாதுகாக்கும் வழியைத் தாதியொருத்தி கற்பித்தாள். அப்பிள்ளை இப்போது தன் ஊசியைத் தானே இட்டுக்கொள்கின்றான். மழைநாளிலும் அளவு குறைவதில்லை.

நெய்யூர்க்காரனாகிய எனக்கு இதில் நம் ஊரின் பழைய கதையொன்றும் நினைவுக்கு வருகின்றது. திருவிதாங்கூர் இராச்சியத்தைச் சார்ந்திருந்த அச்சிற்றூரில் டாக்டர் ஆர்ச்சிபால்டு ராம்ஸே 1838-ல் மருத்துவ வேலையைத் தொடங்கினார். 1861-ல் வந்த டாக்டர் ஜான் லோ, இவ்வித்தை அயல்நாட்டார் கையில் மட்டும் இருத்தலாகாதென்று கண்டு, 1864 முதல் நம் நாட்டு இளைஞர்க்கே வைத்தியம் கற்பிக்கலானார். டொராண்டோச் சிறுவன் உயிர்பெற்ற அதே 1922-ல், எவரெஸ்ட் சிகரம் ஏறும் முயற்சியினின்று திரும்பிய டாக்டர் ஹவார்டு சாமர்வெல் நெய்யூர் மருத்துவமனையைக் காண வந்தார். கூட்டங்கூட்டமாகக் காத்திருந்த நோயாளரைக் கண்டு, இலண்டனில் தமக்குக் காத்திருந்த உயர்ந்த பதவியை விடுத்து, நெய்யூரிலேயே பணியாற்றத் துணிந்தார். பல்லாண்டுகள் உழைத்து, 1949-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு ஆசிரியராகச் சென்றார். உயர்ந்த அறிவு எங்கோ ஒரு நகரத்திற் பிறக்கலாம். அது கடைசி வீட்டின் திண்ணைவரை நடந்து செல்லவேண்டும் என்பதை அவர்கள் நெய்யூரிற் செய்து காட்டினர்.

இன்சுலினைக் கண்டவரும் அவ்வெண்ணமே உடையராயிருந்தனர். பாண்டிங், பெஸ்ட், காலிப் மூவரும் 1923-ல் தம் உரிமையைத் தலைக்கு ஒரு டாலர் விலைக்கு டொராண்டோச் சர்வகலாசாலைக்கு எழுதிக் கொடுத்துவிட்டனர். ஆயின், நூறாண்டு கழிந்த பின்னும், செல்வம் மிக்க அமெரிக்காவிலேயே விலை தாளாமல் மருந்தளவைக் குறைத்துக்கொண்டோர் உளர். நம் நாட்டிலோ, 1997-ல் ஹைதராபாத்து சாந்தா பயோடெக்னிக்ஸ் நிறுவனத்தார் கல்லீரல் அழற்சி நோய்க்கு மறுசேர்க்கை முறையில் தடுப்பூசி செய்து விலையைப் பெரிதும் தாழ்த்தினர். 2004-ல் பெங்களூரு பயோகான் நிறுவனத்தார் ஈஸ்டைக்கொண்டு செய்த மானிட இன்சுலினை வெளியிட்டனர். அயல்நாட்டுக் குப்பியையே நம்பியிருந்த காலம் அவ்வாறு மாறலாயிற்று. இவை யாவும், ஆராய்ச்சிக்கு மட்டுமே உரியது என்று சீட்டொட்டிய சிறு குப்பிகளோடு இளைஞர் பலர் பல்லாண்டு உழைத்ததன் பயனென்பதை நாம் மறத்தலாகாது. விதைக்கோட்டையை அவிழ்த்து உண்ணாது காத்தமையாலேயே அடுத்த பூவில் களம் நிறைகின்றது.

மாணவ நண்பர்களே! உங்களிற் சிலர் நாளை ஆராய்ச்சிக்கூடங்களில் அமர்வீர்கள். அங்கே குப்பியின் சீட்டிலுள்ள இரண்டாவது வரியை அலட்சியம் செய்யாதீர்கள். அது உங்கள் அறிவை ஐயுற்று எழுதியதன்று, அறியாத ஒருவன் உயிரைக் காக்க எழுதியது. உங்களிற் சிலர் வைத்தியராவீர்கள். மருந்தைக் குறித்துக் கொடுப்பதோடு நில்லாமல், அதனை வாங்க வல்லவரா, வைத்துக் காக்க வல்லவரா என்றும் ஒரு வார்த்தை வினவுங்கள். சிலர் சட்டமும் வாணிகமும் பயில்வீர்கள். மதிலைக் கட்டும்போதே வாயிலையும் அமையுங்கள். வேறு தொழில் புரிவோர்க்கும் ஒரு பணி உண்டு. அரசாங்க மருத்துவமனையில் இன்ன மருந்து இலவசமாகக் கிடைக்கும் என்னும் செய்தியை உங்கள் தெருவிலுள்ள எத்தனை பேர் அறிவர் என்று விசாரித்துப் பாருங்கள். பிணை நிற்பவனுக்கு என் வீட்டுத் துன்பம் தெரியுமா என்று அவ்வண்ணன் கேட்ட வினாவுக்கு, தெரியும் என்று கூறத்தக்கவர் நம் கலாசாலையினின்று மேன்மேலும் தோன்றுவாராக என்பதே என் விருப்பம்.